நூறு ஸ்டட் தாண்டிய விண்கப்பல் நடுவில் தொய்கிறது: உள்கூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்

விண்தச்சன் · செப்டம்பர் 6, இரவு 10.40

வணக்கம். மூன்று வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இது என் முதல் இழை.

புதியவர்களுக்காக: லெகோவில் பெரிய விண்கப்பல் கட்டுபவர்கள் நீளத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு திசையில் நூறு ஸ்டட் (துண்டின் மேல் இருக்கும் குமிழ்) இருந்தால்தான் அது ‘ஷிப்’. சீரியஸ்லி ஹியூஜ் இன்வெஸ்ட்மென்ட் இன் பார்ட்ஸ் (பாகங்களில் போடும் மாபெரும் முதலீடு) என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ., ஆக நூறு ஸ்டட் என்றால் 80 செ.மீ. 2013-லிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் பல நாட்டு ஆட்கள் ஒரே மாதத்துக்குள் அப்படி ஒன்றைக் கட்டி முடிக்கப் பார்க்கிறார்கள். ஷிப்டெம்பர் என்று பெயர். இந்த வருடம் நானும் இறங்கிவிட்டேன்.

என்னுடையது 112 ஸ்டட். சனிக்கோளின் வளையங்கள் பெரும்பாலும் தண்ணீர்ப் பனிதான். அந்தப் பனியை வெட்டி ஏற்றிவரும் சரக்குக் கப்பல் இது. மெலிந்த மூக்கு, நடுவில் கண்ணாடி நீலத்தில் பனிக் கிடங்குகள், பின்னால் ஆறு எஞ்சின். ஸ்டூடியோ மென்பொருளில் நான்கு மாதம் வரைந்தேன், பாகங்கள் வாங்க அடுத்த நான்கு மாதம் ஆனது.

நேற்று மாலை பாதித் தோலை மாட்டியபின் முதல் தடவையாக இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் வைத்தேன். ஒரு மெல்லிய முறுக்கல் சத்தம். பக்கத்தில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் நடுப்பகுதி 14 மி.மீ. இறங்கியிருக்கிறது. அடியில் மூன்று இடங்களில் பிளேட்டுகளின் (மெல்லிய தட்டைத் துண்டுகள்) இடையே விரிசல் மாதிரி வாய் திறந்திருக்கிறது. இன்னும் எஞ்சினும் கிடங்குகளும் ஏற்றவில்லை. பிரித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து கட்டவும் தயார்தான். எதைத் தப்பாகச் செய்தேன் என்று மட்டும் புரிய வேண்டும்.

மூணுபிளேட் · செப்டம்பர் 6, இரவு 11.15

படங்கள் பார்த்தேன், மூக்கிலிருந்து முதுகுக்கு ஏறும் அந்தச் சரிவு அருமை. அதை விட்டுவிடாதீர்கள்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறது? ஸ்டாண்டு எந்த ஸ்டட்டில் நிற்கிறது? இப்போது எடை எவ்வளவு?

விண்தச்சன் · செப்டம்பர் 7, காலை 6.20

உள்ளே 16 நீள டெக்னிக் பிரிக்குகள் (பக்கவாட்டில் துளைகள் உள்ள கட்டைகள்) ஒரே வரிசையாக, மேலும் கீழும் இரண்டிரண்டு அடுக்குப் பிளேட், மூட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று விழாதபடி மாற்றி மாற்றி. சுவர் கட்டுவது போல. ஸ்டாண்டுகள் 8-வது ஸ்டட்டிலும் 104-வது ஸ்டட்டிலும். சமையலறைத் தராசில் இரண்டு துண்டாக வைத்துப் பார்த்ததில் 2.7 கிலோ. முடியும்போது நாலரையைத் தாண்டும்.

பாலக்காரன் · செப்டம்பர் 7, காலை 8.05

“சுவர் கட்டுவது போல” என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான். நான் பாலம் கட்டும் வேலையில் இருப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2012-ல் பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டியில் 2x2 பிரிக் ஒன்றை இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். சராசரியாக 4,240 நியூட்டன் வரை தாங்கியது, ஏறக்குறைய 432 கிலோ. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் சுமார் 3,75,000 பிரிக், மூன்றரை கிலோமீட்டர் உயரம் போன பிறகுதான் அடிப் பிரிக் நசுங்கும். அதாவது அமுக்கு விசையை இந்தப் பிளாஸ்டிக் அநாயாசமாகத் தாங்கும். 2017-ல் வந்த சாட்டர்ன் 5 நிலவு ராக்கெட் செட்டை நினைத்துப் பாருங்கள். நிலவில் இறங்கிய வருடத்தை நினைவில் வைத்து 1969 பாகங்கள், ஒரு மீட்டர் உயரம். அது நிமிர்ந்து நிற்பதால் எடை நேராகக் கீழே இறங்குகிறது, பிரச்சினையே இல்லை.

உங்கள் கப்பல் படுத்திருக்கிறது. கோபுரமாக இருந்தது பாலமாகிவிட்டது. தொய்யும்போது மேல்பக்கம் அமுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. இழுவையைத் தாங்க அங்கே குமிழின் பிடிப்பு மட்டும்தான் இருக்கிறது, அது வெறும் உராய்வு. அடியில்தான் வாய் திறந்தது என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். பள்ளிக்கூட மர ஸ்கேலைத் தட்டையாகப் பிடித்தால் வளைகிறது, செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் அசையாது. உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. உங்கள் கப்பலின் நடு உயரம் எட்டு பிரிக் என்று படத்தில் தெரிகிறது, ஆனால் சுமப்பது அதில் ஒரு பிரிக்கும் நான்கு பிளேட்டும் மட்டுமே. மீதி உயரமெல்லாம் சுமையாக உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் ஸ்டாண்டு. தாங்கிகளுக்கு நடுவே தூரம் இரட்டிப்பானால் சொந்த எடையில் வரும் தொய்வு 16 மடங்கு ஆகும். இரண்டு நுனியில் வைப்பது இருப்பதிலேயே மோசமான இடம். ஒரே சீரான எடையுள்ள கம்பிக்கு நுனியிலிருந்து 22 சதவீதம் உள்ளே தள்ளி வைப்பது ஏறக்குறையச் சரியான கணக்கு. உங்களுக்கு 25-வது ஸ்டட், 87-வது ஸ்டட். பின்னால் எஞ்சின் கனமாக வருவதால் பின் ஸ்டாண்டு இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். காலையில் முதல் வேலையாக இதை மாற்றிப் பாருங்கள், எதையும் பிரிக்காமலே பாதித் தொய்வு போய்விடும்.

விண்தச்சன் · செப்டம்பர் 7, காலை 8.50

மாற்றிவிட்டேன் சார். 14 இப்போது 5 மி.மீ. வேலைக்குக் கிளம்புகிறேன், மனசு இலேசாகிவிட்டது.

மூணுபிளேட் · செப்டம்பர் 7, மதியம் 1.30

ஸ்டாண்டால் வந்த நிம்மதியோடு நிறுத்திவிடாதீர்கள். எஞ்சின் ஏறினால் திரும்ப இறங்கும். உள்கூட்டை முக்கோணச் சட்டமாக மாற்றுங்கள். எப்படி என்று என் கணக்கைச் சொல்கிறேன், இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கப்பல் ஆனது.

பிளேட் 3.2 மி.மீ., பிரிக் 9.6, ஸ்டட் இடைவெளி 8. உயரக் கணக்கும் நீளக் கணக்கும் சட்டென்று பொருந்தாது. பொருந்தும் முதல் இடம் ஐந்து பிளேட், அது 16 மி.மீ., இரண்டு ஸ்டட். அதனால்தான் டெக்னிக் பிரிக், இரண்டு பிளேட், டெக்னிக் பிரிக் என்று அடுக்கினால் மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் சரியாக 16 வருகிறது. நிறுத்தி வைத்த டெக்னிக் சட்டத்தை (துளை வரிசையுள்ள நீளத் துண்டு) ‘பின்’ என்ற சிறு முளையைத் துளையில் போட்டுப் பூட்டலாம். அப்படிப் பூட்டியபிறகு அது குமிழ்ப் பிடிப்பை நம்பி நிற்பதில்லை.

உங்களுக்கு இடம் நிறைய இருப்பதால் இதையே பெரிதாக்குங்கள். கீழே டெக்னிக் பிரிக் வரிசை, நான்கு பிரிக் உயரம் காலி, மேலே இன்னொரு வரிசை. மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் 48 மி.மீ., ஆறு இடைவெளி. மொத்த உயரம் ஆறு பிரிக். மேலே ஒன்று, கீழே ஒன்று தோலுக்கு மிச்சம். இப்போது செங்குத்தில் ஆறு, கிடையில் எட்டு என்றால் குறுக்கே பத்து, நாம் எல்லோரும் படித்த 3-4-5 முக்கோணத்தின் இரட்டிப்பு. துளைகளை எண்ணாதீர்கள், இடைவெளிகளை எண்ணுங்கள்: நிற்பதற்கு 7 துளைச் சட்டம், குறுக்குக்கு 11 துளைச் சட்டம். இரண்டுமே எளிதாகக் கிடைப்பவை. ஒரு துளி கூட வளைக்காமல், நெம்பாமல் உட்காரும்.

ஒரு கண்ணி இருக்கிறது, கவனம். 16 நீள டெக்னிக் பிரிக்கில் 15 துளைதான். இரண்டு பிரிக் சேரும் மூட்டில் துளை கிடையாது. எட்டு எட்டாகப் போகும்போது முக்கோணத்தின் முனை அந்த மூட்டில் விழுந்தால் அவ்வளவுதான். ஒவ்வொரு பிரிக்கிலும் 4-வது துளை, 12-வது துளை என்று பிடித்துக்கொண்டால் கடைசிவரை மூட்டில் இடிக்காது.

‘பின்’ கறுப்பாக இருக்கட்டும். சாம்பல் ‘பின்’ உராய்வில்லாதது, சுழல்வதற்காகச் செய்தது. நான் முதல் கப்பலில் கையில் இருந்ததையெல்லாம் போட்டேன், முழுச் சட்டமும் தள்ளாடியது.

நாகை மீரா · செப்டம்பர் 7, இரவு 9.10

லெகோவில் நான் இன்னும் இருபது ஸ்டட்டைத் தாண்டவில்லை. ஆனால் இந்த இழையைப் படிக்கும்போது எங்கள் தாத்தா கண்முன்னே வந்து நிற்கிறார். அவர் மரத்தில் மீன்பிடி வள்ளம் கட்டியவர்.

கரையில் முதலில் ஏராவைக் கிடத்துவார்கள். நீளமான ஒற்றை மரம், கப்பலுக்கு முதுகெலும்பு அதுதான். அது மட்டம் பார்த்து நின்றபிறகு இரண்டு பக்கமும் வங்கு வைப்பார்கள், விலா எலும்பு மாதிரி. எல்லா வங்கும் ஏறி முடியும்வரை ஒரு பலகை கூட அடிக்க விடமாட்டார் தாத்தா. பார்க்க வருபவர்கள் “எப்போது பலகை, எப்போது வண்ணம்” என்றுதான் கேட்பார்கள். வங்கு நிற்கும் நாட்களில்தான் அவர் ஏராவின் அந்தக் கோடியில் போய்க் குந்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பார்.

தம்பி, நீங்கள் பலகையிலிருந்து உள்நோக்கிக் கட்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். தோலின் அழகை முதலில் வரைந்து, மிச்ச இடத்தில் எலும்பைத் திணித்திருக்கிறீர்கள்.

விண்தச்சன் · செப்டம்பர் 7, இரவு 11.50

அக்கா, அப்படியேதான். ஸ்டூடியோவில் நான் முதலில் வரைந்தது மூக்கு. அப்புறம் முதுகு, அப்புறம் பக்கவாட்டு. உள்ளே இருட்டாகக் கிடந்த பள்ளத்தைக் கடைசி வாரத்தில் நிரப்பினேன். திரையில் பாகம் வைத்த இடத்தில் நிற்கும். ஒன்றோடொன்று மோதுகிறதா என்று சொல்லும், அந்த நிறத்தில் அந்தப் பாகம் உண்டா என்று கூடச் சொல்லும். ஆனால் அங்கே எடை கிடையாது. நான்கு மாதமும் எடையே இல்லாத ஒரு கப்பலைத்தான் கட்டியிருக்கிறேன்.

நாளை முழுக்கப் பிரிக்கிறேன்.

ஸ்கார்பரோ செந்தூரன் · செப்டம்பர் 8, காலை 5.30

பிரிப்பதற்கு முன் இதையும் யோசியுங்கள். நடுவில் ஒரு அலுமினியக் குழாயைச் செருகினால் இந்தப் பாடு எதுவுமே வேண்டாம். என் 130 ஸ்டட் கப்பலில் அப்படித்தான் செய்தேன். ஆறு வருடமாகிறது, ஒரு மி.மீ. கூட இறங்கவில்லை. கடைகளிலும் கண்காட்சிகளிலும் நாம் வாய்பிளந்து பார்க்கும் ஆளுயர லெகோ உருவங்களுக்கு உள்ளே எஃகுச் சட்டம் இருக்கிறது, பிரிக்குகளைப் பசை போட்டும் ஒட்டுகிறார்கள். வெளியே தெரிவது முழுக்க லெகோ, உள்ளே நிற்பது கட்டமைப்பு. இதில் குற்றவுணர்வு தேவையில்லை என்பது என் எண்ணம்.

மூணுபிளேட் · செப்டம்பர் 8, காலை 7.00

செந்தூரன் அண்ணா, உங்கள் கப்பல் எனக்குப் பிடித்த கப்பல்களில் ஒன்று. ஆனாலும் இதில் ஒத்துப்போக மாட்டேன். குழாய் வைத்த நாளோடு உள்ளே கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போகிறது. 3-4-5 முக்கோணம் அந்தத் துளைகளில் சரியாக உட்கார்ந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் எந்தச் சிறகு வடிவத்திலும் வந்ததில்லை.

ஸ்கார்பரோ செந்தூரன் · செப்டம்பர் 8, காலை 7.40

அந்தச் சந்தோஷம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அப்போது இரண்டு வயதுப் பிள்ளை. மேசை விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கும் வயது. நாலு கிலோ கப்பல் இரண்டாக உடைந்து விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் என்னைக் குழாய் வாங்க அனுப்பியது.

நாகை மீரா · செப்டம்பர் 8, காலை 9.25

தாத்தாவும் இரும்பு ஆணிதான் அடித்தார், செந்தூரன். மரத்துக்கு மரம் மட்டுமே என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் குழந்தை இருந்தால் குழாய் நல்லது.

அகில்_10பி · செப்டம்பர் 8, மாலை 5.45

அண்ணா, நான் பத்தாவது படிக்கிறேன். என்னிடம் கலந்து கட்டிய பழைய லெகோ ஒரு பெட்டி இருக்கிறது. நூறு ஸ்டட் கட்ட எங்கிருந்து ஆரம்பிப்பது? எவ்வளவு ஆகும்?

விண்தச்சன் · செப்டம்பர் 9, இரவு 10.05

அகில், முதலில் அளவு விகிதத்தை முடிவு செய். நான் ஒரு பிளேட்டின் உயரத்தை ஒரு தளம் என்று வைத்தேன். 3.2 மி.மீ. என்பது 3.2 மீட்டர், ஆக 1:1000. என் கப்பல் 896 மி.மீ., நிஜத்தில் 896 மீட்டர். சர்வதேச விண்வெளி நிலையம் 109 மீட்டர், இந்த அளவில் பதினான்கு ஸ்டட்டுக்குள் அடங்கிவிடும். இதை முடிவு செய்தவுடன் பாதிக் கேள்விகளுக்குத் தானாகப் பதில் வந்தது. உதாரணமாக, ஒரு 1x1 கண்ணாடித் துண்டை ஜன்னல் என்று வைத்தால் அது எட்டு மீட்டர் அகல ஜன்னல். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் கப்பல் சின்னதாகத் தோன்றும். அதனால் ஜன்னலே வைக்கவில்லை, வெளிர் சாம்பலுக்கு நடுவே ஒரு பிளேட் உயரத்துக்குக் கருஞ்சாம்பல் வரி மட்டும். பெரிய கப்பல் பெரியதாகத் தெரிய வேண்டுமென்றால் நுணுக்க வேலை ஓரிடத்தில் நெருக்கமாகவும் மற்ற இடம் வெறுமையாகவும் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் துணுக்குகளை ஒட்டினால் கண் எங்கேயும் நிற்காது.

ஸ்டூடியோ இலவசம், அதில் வரை. ஆனால் மீரா அக்கா சொன்ன மாதிரி ஏராவிலிருந்து ஆரம்பி, என்னைப் போல மூக்கிலிருந்து வேண்டாம்.

செலவைப் பற்றி: உள்ளே எந்த நிறமும் இருக்கலாம். உன் பெட்டியில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் எலும்புக்கு. வாங்க வேண்டியது வெளித்தோலுக்கு மட்டும். பிரிக்லிங்க் என்ற சந்தையில் (2000-ல் ஆரம்பித்தது, 2019-ல் லெகோ நிறுவனமே வாங்கிக்கொண்டது) உதிரியாக வாங்கலாம். ஆனால் வெளிநாட்டுக் கடை என்றால் வரியைக் கணக்கில் வை. இந்தியாவில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. அதனால் நான் பெரும்பாலும் உள்ளூரில் பழைய செட்டுகளைக் கிலோக் கணக்கில் வாங்கிப் பிரித்தேன்.

அப்படி வாங்கும்போது சாம்பலைப் பகல் வெளிச்சத்தில் பார். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தை மாற்றியது. பழையது கொஞ்சம் மஞ்சள் கலந்தது, புதியது நீலம் கலந்தது. டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. நான் ஒருவரிடம் வாங்கிய பையில் இரண்டும் கலந்திருந்தது தெரியாமல் ஒரு பக்கம் முழுக்க மாட்டிவிட்டேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் கப்பலில் தேமல் விழுந்த மாதிரி இருந்தது. பழையவை எல்லாம் இப்போது உள்ளே போய்விட்டன. பழைய அடர்பழுப்பு, அடர்சிவப்பு பாகங்களையும் சுமை தாங்கும் இடத்தில் வைக்காதே, சில வருடத்துப் பாகங்கள் லேசாக அழுத்தினாலே உடைகின்றன.

அகில்_10பி · செப்டம்பர் 9, இரவு 10.30

சரி அண்ணா. முதலில் ஒரு ஏரா மட்டும் கட்டிப் படம் போடுகிறேன்.

விண்தச்சன் · செப்டம்பர் 21, இரவு 11.20

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். உள்கூடு நின்றுவிட்டது.

96 ஸ்டட் நீளத்துக்கு முக்கோணச் சட்டம் இரண்டு, பக்கத்தில் பக்கமாக, இடையே ஆறு ஸ்டட் விட்டு, குறுக்குச் சட்டங்களால் இணைத்தேன். மூக்கின் 16 ஸ்டட் தனியாக மாட்டிக் கழற்றுவது. எலும்பு மட்டும் இருக்கும்போது இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் வைத்து, நடுவில் இரண்டு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டேன். அசையவில்லை. பாலக்காரன் சார், அந்த நிமிடம் உங்களைத்தான் நினைத்தேன்.

தோல் இப்போது சுமப்பதில்லை. கிளிப்பும் 3.2 மி.மீ. தடியும் வைத்து எலும்பிலிருந்து தொங்குகிறது, பேனல் பேனலாக. பக்கவாட்டுப் பேனல்களில் குமிழ் வெளியே பார்க்கிறது, அங்கே மூணுபிளேட் சொன்ன ‘ஐந்து பிளேட், இரண்டு ஸ்டட்’ இல்லாமல் ஒரு நாளும் பொருந்தியிருக்காது. முதுகுச் சரிவு மட்டும் பழைய கோணத்தில் வரவில்லை. குறுக்குச் சட்டத்தின் முனை இடித்தது. மூன்று இரவு போராடி, கடைசியில் முதுகையே ஒரு பிரிக் உயர்த்திவிட்டேன். படத்தைப் பாருங்கள். எனக்கு இந்த முதுகுதான் பிடித்திருக்கிறது, கப்பல் ஏதோ பாரத்தைச் சுமக்கிற மாதிரி இருக்கிறது.

எஞ்சின், கிடங்கு எல்லாம் ஏற்றி 4.6 கிலோ. ஸ்டாண்டு 25-லும் 90-லும். நூல் பிடித்துப் பார்த்தால் தொய்வு 1 மி.மீ. இருக்கும், அவ்வளவுதான்.

பாலக்காரன் · செப்டம்பர் 22, காலை 7.15

மகிழ்ச்சி. ஒரு மாதம் கழித்து அதே நூலைப் பிடித்து அளந்து பாருங்கள். பிளாஸ்டிக் சுமையின் கீழ் மெல்ல மெல்ல இளகும். ஜன்னல் வெயில் படாத இடமாகவும் வையுங்கள், வெளிர் நிறங்கள் மஞ்சளாகும்.

ஸ்கார்பரோ செந்தூரன் · செப்டம்பர் 22, காலை 8.00

அரிசிப் பைப் படத்தை மூன்று முறை பார்த்தேன். அடுத்த கப்பலுக்குக் குழாய் வாங்குவதற்கு முன் இந்த இழையைத் திரும்பப் படிப்பேன். மகனுக்கு இப்போது எட்டு வயது.

நாகை மீரா · செப்டம்பர் 22, இரவு 8.40

தம்பி, எலும்பு நிற்கும் படம் இன்னும் இரண்டு போடுங்கள். கோடியிலிருந்து நீளவாக்கில் எடுத்தது ஒன்று வேண்டும்.

விண்தச்சன் · செப்டம்பர் 22, இரவு 10.30

போட்டுவிட்டேன் அக்கா, நீங்கள் கேட்ட கோணத்தில்.

இன்னொன்று. இன்று மாலை கடைசிப் பேனலை மாட்டும்போது என் மகள் வந்து, “இதை மூடிட்டா உள்ள இருக்கிற முக்கோணம் எல்லாம் தெரியாதே” என்றாள். அதனால் இடது பக்கம் மூன்றாவது பனிக் கிடங்கின் மேல் இருக்கும் பேனலைப் பூட்டவில்லை. இரண்டு கிளிப்பில் மட்டும் நிற்கிறது. விரலால் இழுத்தால் கதவு மாதிரி திறக்கும்.